ரோகா என்றால் நோயல்ல

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபட்ட முதல் வங்காளச் சொற்களில் ஒன்று ‘ரோகா’. லேக் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் ஒருவர் என் இடுப்பிலிருந்த பையனைப் பார்த்து, “பொட்டோ ரோகா” என்றார். நமக்குத் தெரிந்த ரோகம்தானே, பிள்ளைக்கு ஏதோ வியாதி என்கிறாரோ என்று பதறிப்போனேன். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது: ரோகா என்றால் இங்கே ஒல்லி, அவ்வளவுதான். வங்காளிகளைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றியது. சிரிப்பு அடங்கியதும் யோசித்துப் பார்த்தேன். நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒல்லிப் பிள்ளையை நோஞ்சான் என்கிறோம். இளைத்தவன் என்ற சொல்லில் மெலிந்தவனும் இருக்கிறான், தோற்றவனும் இருக்கிறான். பெண்ணோ பிள்ளையோ ஊரிலிருந்து வந்தால் “கொஞ்சம் உடம்பு வெச்சிருக்கே” என்று சந்தோஷப்படுகிறோம்; அதற்குமுன் உடம்பே இல்லாமல் இருந்ததுபோல.

அந்த இடுப்புப் பையனுக்கு இப்போது பதினாலு மாதத்தில் ஒரு மகள். என் மருமகள் வங்காளத்துப் பெண். ஆகவே பேத்திக்கு நான் பாட்டி, மருமகளைப் பெற்றவள் திதா. மொழி, மீன், பூஜை, எல்லாவற்றிலும் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஆளுக்கொரு கட்சி உண்டு. குழந்தையின் எடை விஷயத்தில் மட்டும் இரண்டு குடும்பமும் ஒரே கட்சி, என்னைத் தவிர. போன மாதம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு, “8.3 கிலோ, பதினைந்தாவது பர்சென்டைல்” என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்று மாலை எங்கள் வீட்டில் யாரும் டீ குடிக்கவில்லை. பதினைந்து! முப்பத்தைந்து வாங்கினால்தானே பாஸ்? மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரீட்சை எழுதியது குழந்தை, ஃபெயிலானது அம்மா என்று ஆகிவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. கொழுகொழு குழந்தைதான் ஆரோக்கியக் குழந்தை, எடை ஏறாவிட்டால் தாயின் கவனிப்பில் குறை, நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊட்டி ஊட்டி மேலே தள்ள வேண்டும்: டாலிகஞ்சிலிருந்து சால்ட் லேக் வரை, மயிலாப்பூரிலிருந்து மதுரை வரை படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்பும் கருத்து இது. இதைத்தான் நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த நம்பிக்கை வெறும் அசட்டுத்தனத்தில் முளைத்ததில்லை. 1943இல் இந்த நகரத்து நடைபாதைகளில் கிராமத்து ஜனங்கள் சோறு கேட்கக்கூடத் துணியாமல், வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று வீட்டு வாசல்களில் கதறினார்கள். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்று கணக்கு. சித்தப்ரசாதும் ஜைனுல் ஆபேதினும் வரைந்த அந்த எலும்புக் குழந்தைகளைப் பார்த்தவர்கள், பேரப்பிள்ளையின் தொடையில் மடிப்பு விழுந்தால் பூரித்துப் போவதில் ஆச்சரியம் என்ன? சம்பந்தியம்மாவின் தாயார் அந்த வருஷத்தை நேரில் பார்த்தவர். அந்த வீட்டில் இன்றைக்கும் கஞ்சியைக் கீழே கொட்ட மாட்டார்கள்.

பயம் நிஜம். பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள் பிறகு வந்தார்கள். பால்பவுடர் டின்னில் உருண்டையாகச் சிரித்த குழந்தைகள் இரண்டு தலைமுறைத் தாய்மார்களுக்கு அழகையும் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கற்பித்தன. 1992இல் சட்டம் போட்டு, டின்னில் குழந்தைப் படமே கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. படம் போய்விட்டது, அது பதிந்த மனசு போகவில்லை. “அமுல் பேபி மாதிரி இருக்கான்” என்பது இன்றும் பாராட்டுதான். பெரிய பிள்ளைகளுக்கென்று மால்ட் பவுடர்கள் வேறு. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகை உணவுச் சட்டத்தில் கிடையாது, அந்தத் தலைப்பில் எதையும் விற்காதீர்கள். அதே மாதம் ஹார்லிக்ஸ் தன் பெயரோடு ஒட்டியிருந்த ‘ஹெல்த்’ என்ற சொல்லைக் கழற்றி வைத்தது. அத்தனை வருஷம் நம் வீடுகளில் அது எந்தச் சொல்லை நம்பி ஆற்றப்பட்டதோ, அந்தச் சொல்.

இனி கணக்குக்கு வருகிறேன். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். பர்சென்டேஜ் வேறு, பர்சென்டைல் வேறு என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன்; என் மகனுக்கும் விளக்கியிருக்கிறேன், பலனில்லை. பதினாலு மாதம் ஆன, ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை எடை வாரியாக வரிசையில் நிறுத்தினால் என் பேத்தி பதினைந்தாவது ஆளாக நிற்பாள். அந்தப் பதினைந்துக்கு அர்த்தம் இவ்வளவுதான். வரிசையில் நோயாளி யாரும் கிடையாது. ஆரோக்கியமான குழந்தைகளைப் பொறுக்கியெடுத்துத்தான் அந்த அட்டவணையே செய்தார்கள். வரிசை என்றால் முன்னாலும் ஆள் உண்டு, பின்னாலும் ஆள் உண்டு. ஐம்பதாவது கோட்டைத் தாண்டினால்தான் பாஸ் என்று வைத்தால், பாதிக் குழந்தைகள் எப்போதும் ஃபெயிலாகத்தான் வேண்டும். எல்லாப் பிள்ளையும் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும் என்று கேட்கிற தாய் தகப்பன்களை நான் பள்ளியிலும் பார்த்திருக்கிறேன்.

பேத்தியின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்தபோது 2.8 கிலோ. ஆறு மாதத்தில் 6.4. ஒரு வயதில் 7.9. இப்போது 8.3. புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். நான்கு புள்ளியும் பதினைந்தாவது கோட்டின் மேலேயே, கோலத்தில் வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை பிறந்த நாளிலிருந்து தன் பாதையை விட்டு ஒரு அடி விலகவில்லை. இதைவிட நல்ல வளர்ச்சியை நான் எங்கே போய்த் தேடுவது? மகன் நெட்டை இல்லை, மருமகள் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு, நானோ மேஜைக்குப் பின்னால் நின்றால் மாணவிகளுக்குத் தெரியமாட்டேன். இந்தக் குடும்பத்தில் பிறந்த குழந்தை பஞ்சாபி பயில்வான் மாதிரி இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இப்போது கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதுகிறேன். ஒரு பையன், ஆறு மாதத்தில் 8.8 கிலோ, பார்த்தவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளுகிற குழந்தை. பதினாலு மாதத்தில் 9.0 கிலோ. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் திதா யாரைப் பார்த்து ரோகா என்பார்? என் பேத்தியைத்தான். பையன் அவளைவிட 700 கிராம் கூட. போதாததற்குக் கன்னம் இன்னும் வற்றவில்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவன் ஏறியது வெறும் 200 கிராம். எங்கோ ஏதோ தடுக்கிறது: மழைக்காலத்து வயிற்றுப்போக்கோ, ரத்தசோகையோ, வேறு எதுவோ. டாக்டரிடம் ஓட வேண்டியவள் அவனுடைய அம்மா. அவளையோ எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொழுகொழு சித்தாந்தம் செய்கிற முதல் கெடுதல் இதுதான். நன்றாக வளர்கிற பிள்ளையின் தாயை அழவைக்கிறது, வளர்ச்சி நின்றுபோன பிள்ளையின் தாயைத் தூங்கவைக்கிறது.

புள்ளியைப் பார்க்காதே, கோட்டைப் பார் என்று இதைச் சுருக்கிவிடலாம். கல்கத்தாவுக்கு இது புதிய பாடமில்லை. மனித உடம்பை அளந்து கணக்குப் போடுவதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1922இல் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வே கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்திய ஆண்கள் சுமார் 200 பேரின் உயரத்தைப் பற்றியதுதான். அளவெடுத்துக் கொடுத்தவர் இந்திய அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய நெல்சன் அன்னண்டேல். அந்த வழியில் போய்த்தான், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லும் ‘மகலனோபிஸ் தூரம்’ 1936இல் பிறந்தது. இன்றைக்கு உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் அதைப் பயன்படுத்துகிறது. அவர் நிறுவிய, பராநகரில் இருக்கும் புள்ளியியல் கழகத்தின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கணக்கு டீச்சருக்குரிய பக்தியோடு கையெடுப்பேன்.

ஆனால் இதே ஊரின் தென்மேற்கு ஓரத்தில், பெஹாலாவுக்கு அப்பால் சர்சுனா–பரிஷாவில், எஸ். ஆர். தாஸ் என்ற மானிடவியலாளர் 1950களில் தொடங்கி வேறொரு வேலை செய்தார். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வருஷக்கணக்காக அளந்தார். ஆறு மாதக் குழந்தையிலிருந்து இருபது வயது வரை. பெல்ஜியத்து ஹவுஸ்பியும் லண்டன் டானரும் அவரோடு சேர்ந்து அந்த அளவுகளை 1980இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வளர்ச்சி ஆய்வில் டானர் பெயருக்கு மிஞ்சிய பெயர் இல்லை. அவர் மேஜைக்கு பெஹாலாப் பிள்ளைகளின் உயரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் மருமகளுக்கு வேண்டியது மகலனோபிஸ் தூரமில்லை, தாஸ் தூரம். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பையனுக்கும் தன் மகளுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கணக்கு அவளுக்கு எதற்கு? போன தடவையிலிருந்து இந்தத் தடவை தன் மகள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும். அதிலும் மூன்றாம் மாடியில் இருப்பது பையன். பையன்களுக்கு அட்டவணையே தனி. இதைச் சொன்னபோது இரண்டு பாட்டிகளில் ஒருத்தி என்னை முறைத்தாள்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. வளர்ச்சியின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. நடுக்கோட்டில் இருக்கும் பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, ஆறு மாதத்தில் 7.3. நான்கு கிலோவுக்கு மேல் ஏற்றம். அடுத்த ஆறு மாதத்தில் 8.9 வரைதான் போகிறது. ஒன்றரை கிலோ சொச்சம். இரண்டாம் வருஷம் முழுவதற்கும் 2.6 கிலோ. மாதம் சுமார் 200 கிராம்! இதை அன்னபிராசனத்தோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே ‘முகே பாத்’ என்று ஆண் குழந்தைக்கு ஆறாம் மாதமும் பெண் குழந்தைக்கு ஐந்தாம் அல்லது ஏழாம் மாதமும் செய்கிறார்கள். மாமன் மடியில் உட்காரவைத்துப் பாயசம் ஊட்டுகிறார். இயற்கை வேகத்தைக் குறைக்கிற அதே நேரத்தில்தான் நாம் சோறு ஊட்ட ஆரம்பிக்கிறோம். “சோறு ஆரம்பிச்சதிலிருந்து எடையே ஏறலை, இவளுக்கு ஊட்டத் தெரியலை” என்று பழி விழுவதற்கு இதைவிடப் பொருத்தமான முகூர்த்தம் கிடைக்காது. எத்தனை மருமகள்கள் இந்த ஒரு தற்செயலுக்காகப் பேச்சு வாங்கியிருப்பார்கள்!

மாதம் 200 கிராம் ஏறுகிற உடம்பை வாரா வாரம் நிறுத்துப் பார்க்கிறோம். நனைந்த டயபர் ஒன்றே அவ்வளவு கனக்கும். பெரியவர்கள் ஏறி நிற்கிற குளியலறை மெஷினில் குழந்தையோடு ஏறி, பிறகு குழந்தையில்லாமல் ஏறி, கழித்து எடுத்த கணக்கில் அரைக் கிலோ பிழை சாதாரணம். நான் திருத்திய விடைத்தாளில் இப்படி ஒரு அளவை யாராவது எழுதியிருந்தால் சுழித்துவிட்டிருப்பேன். எங்கள் வீட்டில் அதை நம்பி ஒரு குழந்தையை இரவு பத்து மணிக்கு எழுப்பிச் செர்லாக் கொடுத்தார்கள்.

ஊட்டும் காட்சியையும் சொல்ல வேண்டும். போனில் யானைப் பாட்டு ஓட, கண் திரையில் இருக்க, திறந்த வாயில் ஸ்பூன் போகிறது. தான் சாப்பிடுகிறோம் என்பதே குழந்தைக்குத் தெரியாது. பசி என்றால் என்ன, போதும் என்றால் என்ன என்று அறிந்துகொள்கிற வயதில் இரண்டையும் நாமே துடைத்துவிடுகிறோம். சோறு போகவில்லையா, பால் கொடு. பாட்டில் பாட்டிலாகக் கொடு. பாலில் எடை ஏறும், சந்தேகமில்லை. பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தைக்குக் கீரைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் இடமில்லை. குண்டாக, வெளிறிப்போய் ஒரு குழந்தை உருவாகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் தங்கள் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களில் தேவையான அளவும் வகையும் சேர்ந்த உணவு கிடைப்பது 11.3 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது அதே கணக்கெடுப்பு. எடை மெஷினில் இந்த இரண்டுமே தெரியாது.

குண்டு கரைந்துவிடும், வளரும் பிள்ளைதானே என்பார்கள். டில்லியில் 1969 முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. அவர்களில் 1,492 பேர் 26–32 வயதுக்கு வந்தபோது பார்கவா, சச்தேவ் முதலியோர் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். சர்க்கரை நோயோ அதன் வாசற்படியோ யாருக்கு வந்தது? சிசுப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் உயரத்துக்கு மீறி எடை ஏறியவர்களுக்கு. அந்த வயதில் அவர்களில் பலர் பார்வைக்குக் குண்டுகூட இல்லை. புனேயில் யாஜ்னிக் காட்டியது இதற்கு முந்தைய அத்தியாயம்: நம் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவு, ஆனால் அந்தக் குறைந்த எடையில் கொழுப்பின் பங்கு கூடுதல். குறைவது தசை. இப்படிப்பட்ட உடம்பில் போய் வெண்ணெயையும் சர்க்கரையையும் திணித்து ‘பிக்கப்’ பண்ணுகிறேன் என்கிறோம். வீட்டுக்கு வீடு மெட்ஃபார்மின் இருக்கிற தமிழ்நாட்டிலும், ராத்திரி பத்துக்கும் ரசகுல்லா கிடைக்கிற வங்காளத்திலும்.

இதுவரை பாட்டிகளோடு சண்டை. இனி சம்பந்தியோடு. அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பொருளாதாரம் படித்தவர், ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்தை அடிக்கோடிட்டுப் படிப்பவர். என் வாதத்தையெல்லாம் கேட்டுவிட்டு, “தீதி, நீங்கள் ஏன் இந்த அட்டவணையையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? இது வெள்ளைக்காரன் போட்டது. நம் ஜாதி உடம்பே சின்னது. இதை வைத்துத்தான் இந்தியாவில் மூன்றில் ஒரு பிள்ளை குட்டை என்று உலகம் பூரா டமாரம் அடிக்கிறார்கள்” என்றார். அவர் சொந்தமாகச் சொன்னதில்லை இது. 2013இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய வாதம், இன்றைக்கு டி.வி. விவாதங்களில் தேய்ந்த ரெக்கார்ட்.

வெள்ளைக்காரன் அட்டவணை என்ற புகார் ஒரு காலத்தில் சரிதான். 1970களின் கடைசியிலிருந்து உலகம் பயன்படுத்திய பழைய அட்டவணை அமெரிக்கக் குழந்தைகளை வைத்துச் செய்தது. அதிலும் சிசுக்களின் அளவு ஒஹாயோ மாநிலத்து ஒரே வட்டாரத்திலிருந்து எடுத்தது. பெரும்பாலும் புட்டிப்பால் குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு மெதுவாகத்தான் எடை ஏறும். அதை அந்த அட்டவணையில் பார்த்துவிட்டு எத்தனை டாக்டர்கள் டின் எழுதிக்கொடுத்தார்களோ! இந்தத் தப்பைத் திருத்தத்தான் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் புதிதாக அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, ஆறாவது இந்தியா. தெற்கு டில்லியில், நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுத்தமான தண்ணீரும் கிடைத்த குழந்தைகள். ஆறு நாட்டிலும் சேர்த்து மொத்தம் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். குழந்தைக்குக் குழந்தை நீளத்தில் இருந்த வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்குள் தனி ஆளுக்குத் தனி ஆள் இருந்த வித்தியாசம். ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசமோ வெறும் 3 சதவீதம். ஓஸ்லோவும் டில்லியும் அக்ராவும் அந்த 3 சதவீதத்துக்குள் அடக்கம். 2006இல் வந்த இந்த அட்டவணையைத்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஐந்து வயது வரை பயன்படுத்தச் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்டதாக நினைக்கும் கோட்டில் டில்லிப் பிள்ளைகளின் கால் நீளமும் சேர்ந்திருக்கிறது.

இந்த எழுபதையும் மூன்றையும் சம்பந்திக்குத் தாளில் எழுதியே காட்டினேன். எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் எரிச்சலூட்டுவது இந்த இடம்தான். பரம்பரை என்பது ஒரு குழந்தைக்கு மிகவும் பொருந்தும் வாதம். குட்டையான பெற்றோருக்குச் சின்ன உடம்புப் பிள்ளை பிறக்கும். ஒரு தேசத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. நாம் அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். சொந்தப் பேத்தி பதினைந்தாவது கோட்டில் ஒழுங்காக வளர்ந்தால் பரம்பரையை மறந்துவிட்டு ஐம்பது வேண்டும் என்று கேட்கிறோம். ரயில் பாதையோரக் குடிசையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் மட்டும் பரம்பரை ஞாபகம் வருகிறது. “அவங்க உடம்பு வாகே அப்படி.”

இந்த வாதத்தை முன்பே ஒருவர் முறியடித்துவிட்டார், நம் சேலத்துக்காரர். 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் ‘சின்ன உடம்பு, ஆனால் ஆரோக்கியம்’ என்று ஒரு கொள்கை சொன்னார்: இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குறைந்த சோற்றுக்கு ஏற்ப உடம்பைச் சுருக்கிக்கொண்டவர்கள், நோயாளிகள் இல்லை. சி. கோபாலன் 1983இல் எழுதிய பதிலின் தலைப்பே போதும்: சின்னது ஆரோக்கியம் என்பது ஏழைக்கு மட்டுமா, பணக்காரனுக்கு இல்லையா என்று குத்தியிருந்தார். நூறு வயதைத் தாண்டி 2019இல் இறந்துபோன அந்த மனிதரின் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு எதிர்க்கேள்வி எனக்கு நானே கேட்டுக்கொள்வது. அதே 2019–21 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்காளத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 32.2 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘எடையைப் பார்த்துப் பதறாதே’ என்று எழுதுவது வயிறு நிறைந்தவளின் திமிர் இல்லையா? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1980இல் மதுரைப் பக்கத்துக் கொட்டாம்பட்டியில் உலக வங்கிக் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டார்கள். யாருக்குச் சத்துருண்டை என்று தீர்மானித்ததில்தான் புத்திசாலித்தனம்: எடை குறைந்திருப்பதை மட்டும் பார்க்காமல், எடை ஏற்றம் நின்றுபோனதா என்று பார்த்தார்கள். நின்ற பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் உருண்டை. மறுபடி ஏற ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார்கள், ஏறாவிட்டால் டாக்டர். கிராமத்துப் பெண்கள் பென்சிலால் கோடு போட்டு நடத்திய திட்டம். ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான். ஏழைப் பிள்ளையின் கோட்டைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

குடிசையில் கொழுகொழு சித்தாந்தம் செய்கிற கெடுதல் இன்னும் பெரியது. அங்கே மெலிந்த பிள்ளையாவது கண்ணில் படும். வளராத பிள்ளை படவே படாது. அந்தக் கணக்கெடுப்பில் மேற்கு வங்காளத்தில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 20.3 சதவீதம், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 33.8. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளை மாதிரி, கையும் காலும் அளவாக, கன்னத்தோடு விளையாடிக்கொண்டிருக்கும். யாரும் ரோகா என்று சொல்ல மாட்டார்கள். நீளம் அளக்கிற பலகையில் படுக்கவைத்தால்தான் திருடு வெளிப்படும். இந்த நஷ்டத்தை நெய் ஊற்றிச் சரிக்கட்டவும் முடியாது. கலங்கல் தண்ணீரும் ஓயாத பேதியும் தின்னுகிற பங்கு அதில் பெரிது. 1971இல் பன்காவ் அகதி முகாமில் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து திலீப் மகலனாபிஸ் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினாரே, அந்தக் கரைசல் பேதியில் சாகாமல் காக்கும்; பேதி வராமல் காக்க நல்ல குழாய்த்தண்ணீர்தான் வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் கவலைப்படுவது என்று மருமகள் கேட்டாள். நியாயமாகக் கேட்ட ஒரே ஆள். தன் கோட்டை விட்டு இறங்கி ஒன்றுக்கு இரண்டு பெரிய கோடுகளைக் கடந்தால். இரண்டு மூன்று மாதம் கோடு தரைமட்டமாகப் படுத்தால். எடையோடு நீளமும் நின்றால். அட்டவணையின் அடிக்கோட்டுக்கும் கீழே போனால். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால். அப்போது டப்பா வாங்கக் கடைக்குப் போகாதே, டாக்டரிடம் போ. பிறந்த முதல் ஒன்றரை இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் தங்கள் பரம்பரைக் கோட்டைத் தேடி மெல்ல மேலோ கீழோ நகர்வதும் உண்டு. அதையும் டாக்டர் பார்த்துச் சொல்வார். அவள் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். குளியலறை மெஷினை நான் அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். யார் எடுத்தாலும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், சத்தம் கேட்கும்.

சம்பந்தியம்மா இன்னும் சமாதானம் ஆகவில்லை. நேற்றுகூட ஒரு டின்னோடு வந்தார். நாலு சந்தேஷும் கொண்டுவந்திருந்ததால் நான் பெரிதாக வாய் திறக்கவில்லை. எனக்கு இப்போதே பயம் பேத்தியின் இரண்டாவது பிறந்தநாளை நினைத்துத்தான். அதுவரை படுக்கவைத்து நீளம் அளப்பார்கள், அதன் பிறகு நிற்கவைத்து உயரம். படுத்திருக்கும்போது இருப்பதைவிட நிற்கும்போது குழந்தை சராசரியாக 0.7 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். அட்டவணையிலேயே அந்த இடத்தில் கோடு ஒரு படி கீழே இறங்கியிருக்கும். முதுகெலும்பை அழுத்துகிற உடம்பின் எடையும் பூமியின் இழுப்பும் செய்கிற வேலை. இதை சம்பந்தியம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வாயில் சந்தேஷோடு கேட்டுக்கொண்டிருந்தவர், பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “குட்டையாக வேறு ஆகிவிடுவாளா?” என்றார்.